கும்மி தட்டிய கைகள்

கேள்வி: கவிதைக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், மட்டாஞ்சேரி, கொச்சி

பதில்: உங்கள் ஊர்ப் படகுத்துறையில் நின்று பாருங்கள், எதிரே விரிந்திருக்கும் காயலே பதில் சொல்லும். மீனவர் குடும்பத்தில் 1885-ல் பிறந்த பண்டிட் கருப்பன், ‘ஜாதிக்கும்மி’ எழுதித் தீண்டாமையைக் கேள்வி கேட்டார். கும்மிக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்; இரண்டு கைகள் போதும். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களும் பாடியே மனப்பாடம் செய்தார்கள். 1913-ல், தீண்டாமையால் கூட்டம் போடக் கரையில் இடமில்லாத புலையர் சாதியினர், அவர் துணையோடு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிக் காயல் மேலேயே கூடினார்கள். தண்ணீருக்கு ஏது தீட்டு! 1925-ல் அந்தக் கவிஞரே கொச்சி சட்டசபையில் ஒடுக்கப்பட்டோரின் குரலாக அமர்ந்தார். வாக்குச்சீட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பேசும். பாட்டு அன்றாடம் பேசும். கும்மி தட்டிய கைகள்தான் பிறகு உரிமைக்காக உயர்ந்தன.