கறுப்புக் கோட்டு இல்லாத வாதம்

கேள்வி: கட்டுப்பாடு கூடினால் சட்டச் சேவையில் புதுமை வராதாமே?
– தெரணியகலை வாசகர்

பதில்: கட்டுப்பாடு யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள்.

இலங்கையில் 1957இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தித் தொழில் நியாய சபைகளைக் கொண்டுவந்தார்கள். வேலை பறிபோன தொழிலாளிக்காக அவருடைய தொழிற்சங்கமே அங்கே மனுப் போடலாம், வாதாடலாம். சாட்சியச் சட்டம் சபையைக் கட்டுப்படுத்தாது. நீதியும் நியாயமுமான கட்டளை தந்தால் போதும். இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ தோட்டத்துச் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) பெயர் வெட்டப்பட்டவருக்குச் சங்கத்தின் மாதச் சந்தாவே சட்டத்தரணி கட்டணம். தோட்டத் துரை பக்கம் கறுப்புக் கோட்டு வந்தால், இந்தப் பக்கம் சங்கப் பிரதிநிதி ஃபைலோடு நிற்பார்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டம் இன்னும் துணிச்சல்: சட்டத்தரணிக்கே அங்கே இடமில்லை! சட்டத்தரணி அல்லாதவரும் சட்ட நிறுவனத்துக்கு உரிமையாளராகலாம் என்று இங்கிலாந்து 2007இல் சட்டம் இயற்றியதைப் பெரிய புரட்சி என்றார்கள். நம்மவர்கள் அதற்கெல்லாம் முந்தியவர்கள்.

ஆனால் மொழியில்தான் வண்டி நிற்கிறது. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். நியாய சபைக்கும் அதுவே. மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெற அரசியலமைப்பு உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பாளர் வராத அன்று வழக்குக்குத் தவணை, வழக்காளிக்கு ஒரு நாள் பேர் (சம்பளம்) நட்டம்.