தம்பி என்ன விலை?

புறக்கோட்டையில் சாமான் வாங்குமளவுக்குச் சிங்களம் தெரியும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். கீயத, அடு கரன்ன, ஹரி: விலை கேட்க, குறைக்க, தலையாட்ட. இதற்கு மேல் ஒரு சொல் தேவைப்பட்டால் தொலைந்தேன்.

வீட்டில் எல்லோருக்கும் தடிமன். கொத்தமல்லி அவித்துக் குடிக்க வேண்டும். நாலாம் குறுக்குத் தெருவில், வாய் சுருட்டிய சாக்குகளுக்குப் பின்னால் கணக்கெழுதிக்கொண்டிருந்த பொடியனிடம் "மல்லி கீயத?" என்றேன்.

"மொனவத?" என்றான். எது என்கிறான்.

காது மந்தமாக்கும் என்று நினைத்து, "மல்லி! மல்லி!" என்று குரலை உயர்த்தினேன்.

"ஓவ், கியன்ன" என்று பணிவாகக் கிட்ட வந்தான். சொல்லுங்கோ என்கிறான்!

சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. 'தம்பி, என்ன விலை?' என்று இலக்கண சுத்தமாகத்தான் கேட்டிருக்கிறேன்; எதற்கு விலை என்பதைத்தான் சொல்லவில்லை. பிழையே இல்லாத வசனத்தை அவன் எப்படித் திருத்துவான்? சாக்குக்குள் கைவிட்டு அள்ளிக் காட்டினேன். "ஆ, கொத்தமல்லி!" என்றான். தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன சொல் அது. வாங்கியவர்கள் முழுசாக வைத்திருக்கிறார்கள். 'கொத்த'வைத் தொலைத்தது நான்தான். ஆங்கிலக்காரரும் நம்முடைய பேட்டையைக் கொண்டுபோய்த்தான் இந்த இடத்துக்குப் 'பெற்றா' என்று பெயர் வைத்தார்கள்.

கொடுத்து வாங்கிய சொற்களால் பெரிய சேதமில்லை. தற்செயலாக ஒலி ஒத்துப்போனவைதான் காலை வாருகின்றன. தமிழ் திராவிட மொழி, சிங்களம் இந்தோ-ஆரிய மொழி என்பதெல்லாம் நடைபாதையில் ஞாபகம் வருமா? அங்கே வியாபாரிகள் கூவும் 'என்ன, என்ன', 'எனவா' என்ற வினையிலிருந்து வந்தது. வாருங்கள் என்று பொருள். கொழும்புக்கு வந்த புதிதில் அதற்கு "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று பதில் சொல்லிக்கொண்டே பிரதான வீதி முழுக்க நடந்திருக்கிறேன். நரைத்த முதலாளியை மரியாதையாக ஐயா என்றால், அவர் மொழியில் அது அண்ணன். வயது குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

பஸ்ஸில் நடந்ததுதான் மோசம். கொண்டக்டரிடம் காசைக் கொடுக்கச் சொல்லி மகனிடம் "குடு, குடு!" என்று கத்தினேன். முன் சீட்டுகளில் இருந்தவர்கள் சட்டென்று திரும்பினார்கள். சிங்களத்தில் குடு என்றால் தூள். ஹெரோயினுக்கும் இந்நாட்டுத் தெருக்களில் அதுதான் பெயர்.

ஆகவே, மிளகாய்த்தூள் வாங்கப் போகிறவர்கள் 'மிரிஸ் குடு' என்றே கேளுங்கள். 'மிரிஸ்' என்பதை மட்டும் விழுங்கிவிட வேண்டாம்.