கைமாற்றாகக் கொடுத்த பாடவேளைகளைத் திருப்பிக் கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஓவிய ஆசிரியர் (பகுதிநேரம்)
பெறுநர்: கால அட்டவணை போடும் அதிகாரம் பெற்ற பெருமக்கள்
தக்க வழி: கணக்கு ஆசிரியர்
பொருள்: கொடுத்த பாடவேளைகளை வட்டியுடன் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவுக் கரும்பலகை, வெள்ளிக்கிழமை பிற்பகல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் வட்டிக்கு விடும் குடும்பத்தில் பிறந்தவன் அல்ல. ஆனாலும் என் மேசை டிராயரில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. யார், எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியடை என்னிடம் கைமாற்றாக வாங்கிப் போனார்கள் என்று அதில் எழுதிவைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவின் கணக்கை மட்டும் சொல்கிறேன். சென்ற ஆண்டு அட்டவணைப்படி எனக்கு வந்தவை 68 பாடவேளைகள். கணக்கு 31 வாங்கியது, அறிவியல் 17, ஆங்கிலம் 9, விழா ஒத்திகை 6. மீதி 5 பாடவேளைகளில் நானும் பிள்ளைகளும் ஓவியம் என்று ஏதோ செய்தோம். கூட்டிப் பார்த்துவிட்டேன், சரியாக வருகிறது. சந்தேகமிருந்தால் கணக்கு ஆசிரியரையே கேட்கலாம், கிட்டத்தட்ட பாதியை வாங்கியவர் அவர்தான்.

கேட்கும் முறையில் குறை சொல்ல மாட்டேன். “சார், போர்ஷன் முடியல, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்” என்பார்கள். அந்த ஒரு நாள் ஜூன் மாதம் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். பி.டி. சாரிடமும் இதே பாட்டுத்தான், ஆனால் அவர் கழுத்தில் விசில் தொங்குகிறது. என்னிடம் இருப்பது துண்டுச் சாக்பீஸ். அதையும் போகிற போக்கில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சட்டமே எங்களை அரை ஆளாகத்தான் எண்ணியது என்பது தெரியும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி சொல்லித்தரப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றது. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பேர் வந்து சேர்ந்தோம். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். தொகை பிறகு சொட்டுச் சொட்டாக ஏறியது. மே மாதச் சம்பளம் பல ஆண்டுகளாக வெறும் கோரிக்கையாகவே இருந்தது. அந்த மாதத்தில் ஓவிய ஆசிரியருக்குப் பசிக்காது என்று கருதியிருக்கலாம். அது போகட்டும். மூன்று அரைநாள் மட்டுமே கையில் உள்ளவனிடம் வந்து ஒரு பீரியட் கடன் கேட்கிறீர்களே, அந்தத் துணிச்சலைத்தான் வியக்கிறேன்.

நம் மொழியும் உங்கள் பக்கமோ என்று சில நாள் தோன்றுகிறது. பள்ளியில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று வகுப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கலைத்திட்டம். பெயரின் பாதி நாங்கள், திட்டத்தின் மீதியில் எங்களைக் காணோம். ஊருக்கு ஊர் அரசு கலைக் கல்லூரி உண்டு. உள்ளே போய் ஓவியம் எங்கே படிக்கலாம் என்று கேட்டால் வணிகவியல் துறைக்கு வழி காட்டுவார்கள். ஆயகலைகள் அறுபத்து நான்கில் கணிதமும் ஒன்று என்பதால் கணக்கு சாரையும் கலைஞர் என்றே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2005-இல் வந்த தேசியக் கலைத்திட்டம், பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக வைக்கச் சொன்னதே, அதை இங்கே யாரோ ஏவல் வினையாகப் படித்துவிட்டார்கள் என்று ஐயம். “கலை!” என்று சொன்னதும் கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள்.

கலையே வேண்டாம் என்று நீங்கள் சொன்னதில்லை, அப்படிச் சொன்னால் பொய். அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் முதல் நாள் மாலை என்னைத்தான் தேடுவீர்கள். வாசல் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் ‘வருக வருக’, ஓரத்தில் இரண்டு ரோஜா, முடிந்தால் ஒரு மயில். வகுப்புக்கு நாலு சார்ட். ஆண்டு விழா மேடைக்குத் தெர்மகோலில் எழுத்து. சான்றிதழில் பெயர் எழுதவும் நான்தான், ஏனென்றால் டிராயிங் சார் கையெழுத்து நன்றாக இருக்கும். பூ வேண்டும், செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற மாட்டோம் என்பது உங்கள் கொள்கை. அறிவியல் டீச்சர் ஒருநாள் வருத்தத்தோடு வந்தார்: “சார், இதயம் வரைஞ்சு பாகம் குறின்னா பசங்க மாங்கா மாதிரி வரையுறாங்க, மார்க் போகுது. நீங்க கொஞ்சம் சொல்லித் தரக்கூடாதா?” தரலாம் அம்மா. அதற்கான 17 பாடவேளைகளும் உங்களிடம்தான் இருக்கின்றன.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பறை அடிக்கிற பையனையும் களிமண்ணில் யானை செய்கிற பெண்ணையும் மாநில மேடை வரை அழைத்துப்போய்க் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். சுற்றறிக்கை வந்தபோது நம் பள்ளியில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டு, “சார், நாளைக்குள்ள ஒரு நல்ல ஓவியரை ரெடி பண்ணுங்க” என்றீர்கள். பரோட்டா மாவுக்கே அதைவிடக் கூடுதல் நேரம் ஊற வேண்டும்.

என் பங்குக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து பாடவேளை கிடைத்த ஆண்டில் நான் என்ன சொல்லித்தந்துவிட்டேன்? கரும்பலகையில் மாம்பழம் போட்டேன், பிள்ளைகள் பார்த்துப் போட்டார்கள். மற்றபடி ‘இயற்கைக் காட்சி’. இரண்டு மலை, இடையில் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை, வானத்தில் நாலு காக்கை. எங்கள் ஊரில் மலையும் கிடையாது, ஆற்றில் தண்ணீரும் கிடையாது. லோயர், ஹையர் என்று அரசு ஓவியத் தேர்வுகளை எழுதித் தேறியவன்தான் நானும். அங்கேயும் எதிரே வைத்த பொருளை அளவு பிசகாமல் போடத்தான் பழகினேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு மண்பானையைக் கேட்டு வாங்கி, மேசைமேல் வைத்து, பார்த்து வரையுங்கள் என்றேன். கரும்பலகையில் நானும் ஒன்றைத் தொடங்கினேன். கால் மணி நேரத்தில் நாற்பது பானைகள் தயார், எல்லாம் வாய் முதல் அடி வரை முழுசாக. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் தாளைக் கையால் மூடிக்கொண்டிருந்தான். விலக்கிப் பார்த்தேன். முன் பெஞ்சுக்காரனின் பின்னந்தலையை வரைந்திருந்தான். எண்ணெய் வழிய வாரிய முடி, கழுத்துமடிப்பில் ஒட்டிய பவுடர், மடங்கிய சட்டைக் காலர். தலைக்கு மேலே பிறை மாதிரி ஒரு கோடு, பானையின் விளிம்பு.

“பானை எங்கடா?”

“இவன் தலை மறைக்குது சார். தெரிஞ்சது இவ்ளோதான்.”

மற்ற நாற்பது பேரும் தங்களுக்குத் தெரிந்த பானையை வரைந்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்த மற்றவர்களும் தங்கள் கண்ணுக்குப் படாத அடிப்பாகத்தைப் போட்டு முடித்திருந்தார்கள். கண்ணில் பட்டதை வரைந்தவன் இவன் ஒருவன். இதைச் சொல்லித்தர எனக்கு வழி தெரியாமல் இத்தனை ஆண்டு மாம்பழம் போட்டுக்கொண்டிருந்தேன். இவன் தானாகக் கண்டுபிடித்து, தப்பு செய்துவிட்டோமோ என்று மூடி வைத்திருக்கிறான். காதுக்குக் கீழே எங்கே நிழல் விழுகிறது பார் என்று சொல்ல அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சார், ஒரு பத்தே நிமிஷம்” என்று கதவருகே குரல் கேட்டது.

டஸ்டர் என் பானையின் மேல்பாதியைத் துடைத்தது. அடிப்பாதி தங்கிவிட்டது, அதன்மேல் முற்றொருமைகள் ஏறின. பையன் தாளை மடித்துக் கணக்கு நோட்டுக்குள் செருகினான். மணி அடித்ததும் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடினான். அடுத்த வெள்ளி ஸ்லிப் டெஸ்ட். அதற்கடுத்தது மழை விடுமுறை, அதை ஈடுகட்ட என்று மறு வெள்ளியும் போயிற்று.

எழும்பூரில் உள்ள நம் கவின்கலைக் கல்லூரியை 1850-இல் தொடங்கிவைத்த அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர். அறுக்கிற வேலைக்கு நடுவே அவருக்கு அதற்கு நேரம் இருந்தது. பிற்காலத்தில் அங்கே முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை. ஆண்டுதோறும் சுற்றுலா போகும்போது பிள்ளைகளை அதன் முன்னால் வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுக்கிறோம். பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரின் முதுகு எப்படி முறுகியிருக்கிறது என்று காட்டலாம் என்று போன முறை வாயெடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

ஆகவே, எனக்கு வரவேண்டிய 63 பாடவேளைகளுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி போட்டால் எவ்வளவு என்று கணக்கு சாரே போட்டுத் தரட்டும். வட்டியைத் தள்ளுபடி செய்யவும் தயார். அசலிலும் 62-ஐ விழாக்கால நன்கொடையாக வைத்துக்கொள்ளுங்கள். வருகிற வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியட் ஒன்றை மட்டும், நாற்பது நிமிடமும் குறையாமல், எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்குத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவனுக்கு இன்னும் ஒரு காது பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓவிய ஆசிரியர்
(திங்கள், புதன், வெள்ளி – பிற்பகல் மட்டும்)

இணைப்பு: பென்சில் படம் 1, முடியாதது. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும், அது பையனுடையது.