முதல் ஆயிரம் கிலோமீட்டர்

அந்தக் காலத்தில் கார் வாங்கிவிட்டால் உடனே ஓட்டிவிட முடியாது. பணம் கட்டி, பெயரைப் பதிந்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, ஒருவழியாக வண்டி வாசலுக்கு வந்த பிறகும் இன்னொரு காத்திருப்பு பாக்கி இருந்தது. ரன்னிங் இன். புது இன்ஜின் பழகும்வரை வண்டி நம் பேச்சைக் கேட்காது. நாம்தான் அதன் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சாலையில் போகும் காரை ஒலியை வைத்தே சொல்லிவிடலாம். அம்பாசிடர், ஃபியட், நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அவ்வளவுதான் கணக்கு. கும்பகோணத்தில் அரிசி ஆலை வைத்திருந்த என் பெரியப்பா அவற்றில் ஒன்றை வாங்கினார். எது என்று சொல்லப்போவதில்லை. குறை காரில் இல்லை, கதையும் காரைப் பற்றியதல்ல.

வண்டியோடு ஒரு புத்தகம் வந்திருந்தது. பெரியப்பா தினமும் குளித்து, திருநீறு இட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் பாராயணம் செய்தார். முதல் 500 மைலுக்கு இந்த வேகத்துக்கு மேல் போகாதே, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காதே, இன்ஜினைத் திணற விடாதே என்று அதில் சில வரிகள் இருந்தன. பெரியப்பாவுக்குப் பிடித்தது முதல் வரி. புத்தகம் 70 கிலோமீட்டர் என்றால் எதற்கும் இருக்கட்டும் என்று அவர் அதை 60 ஆக்கிக்கொண்டார். டிரைவரிடம் சொல்லும்போது 50 என்றார். டிரைவர் அனுபவஸ்தர், முதலாளியின் முகத்தைப் பார்த்து 40-ல் ஓட்டினார். ஒரு விதி மேலிருந்து கீழே வரும்போது என்ன ஆகும் என்பதை நான் படித்தது அந்தக் காரின் பின் சீட்டில்தான்.

“மிதிக்காதேப்பா.”

“மிதிக்கலீங்கய்யா. காலை மேலே வச்சிருக்கேன், அவ்வளவுதான்.”

“வைக்கவும் வேண்டாம்.”

சத்தம் வந்தால் இன்ஜினுக்கு வலிக்கிறது என்பது பெரியப்பாவின் துணிபு. அதனால் வண்டி நகர்ந்ததும் டாப் கியர் போட்டாக வேண்டும். டாப்பில் அந்த வேகத்துக்கு இன்ஜின் அடித்தொண்டையில் கடகடவென்று முனகும், ஸ்டியரிங் நடுங்கும். புத்தகத்தின் மூன்றாவது வரி சொன்ன திணறல் இதுதான். ஆனால் மூன்றாவது வரிக்குள் பாராயணம் முடிந்து காபி வந்துவிடும்.

இந்த 500 மைலை எங்கே ஓட்டித் தீர்ப்பது என்ற கேள்விக்கு கும்பகோணத்துக்காரருக்கு விடை சுலபம். சுற்றி ஒன்பது நவக்கிரக ஸ்தலங்கள் இருக்கின்றன. திருநாகேஸ்வரம் பக்கத்திலேயே, ஆலங்குடி கொஞ்சம் தள்ளி. சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் ஒரே நாளில். திங்களூருக்குத் திருவையாறு பக்கம் போக வேண்டும். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் மாயவரத்துக்கு அப்பால். கடைசியில் திருநள்ளாறு. மற்றவர்கள் கிரக வரிசையில் போவார்கள், நாங்கள் கிலோமீட்டர் வரிசையில் போனோம். புண்ணியமும் மைலும் சேர்ந்தே ஏறின. பெரியம்மா மட்டும் புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, “நடந்திருந்தா இதுக்குள்ள உச்சிக்காலமே பார்த்திருக்கலாம்” என்பாள்.

யோசித்துப் பார்த்தால் அந்த யாத்திரையில் தற்செயலாக நல்ல காரியங்களும் நடந்தன. தஞ்சாவூர் ஜில்லா சாலைகளில் ஒரே வேகத்தில் போக யாராலும் முடியாது. மாட்டு வண்டி, வாத்து மந்தை, அறுவடைக் காலத்தில் நடுரோட்டில் பரப்பிய வைக்கோல். வேகம் ஏறியும் இறங்கியும்தான் வரும். கோயிலுக்குக் கோயில் நிறுத்துவதால் இன்ஜின் சூடாகி ஆறும், மறுபடி சூடாகும். புது இன்ஜினுக்கு இரண்டும் நல்லதுதான். நவக்கிரகங்கள் தங்கள் பங்கைச் சரியாகச் செய்தன என்றே சொல்ல வேண்டும்.

பின் கண்ணாடியில் ‘ரன்னிங் இன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒட்டியிருந்தது. சினிமா பேனர் எழுதுகிறவரிடம் சொல்லி, சிவப்பு மையில், நிழல் கொடுத்து எழுதி வாங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம்: பின்னால் வருபவரே, இந்த வண்டி மெதுவாகத்தான் போகும், பொறுத்தருளி முந்திச் செல்லுங்கள் என்று அர்த்தம். எங்களை முந்தியது பெரும்பாலும் தனியார் பஸ்கள். அவை அட்டையைப் படித்துவிட்டு முந்தவில்லை. மைல் கணக்கு முடிந்து பல மாதம் ஆன பிறகும் பெரியப்பா அந்த அட்டையைக் கிழிக்கவில்லை. வண்டி புதிது என்று ஊருக்குச் சொல்ல அதைவிட நாகரிகமான வழி ஏது? சீட்டின் மேல் சுற்றியிருந்த பாலிதீனும் அப்படியே இருந்தது. வெயிலில் அது தொடையில் ஒட்டி உரிந்த வலி இன்றைக்கும் நினைவிருக்கிறது. இன்ஜினுக்கு ஒரு கெடு உண்டு, பாலிதீனுக்குக் கிடையாது.

500 மைல் முடிந்ததும் முதல் ஆயில் மாற்றம். குழந்தைக்கு முதல் முடி இறக்குவதுபோல் நாள் பார்த்துத்தான் நடந்தது. பட்டறையில் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே மேஸ்திரி கீழே இறங்கி டிரெய்ன் பிளக்கைக் கழற்றினார். தட்டில் ஆயில் விழுந்தது. எண்ணெய்ச் சட்டியில் மிஞ்சுகிற நிறம். மேஸ்திரி இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து, வெயிலில் காட்டினார். விரல் நுனியில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. “ரிங்கும் போரும் பேசிக்கிட்டதுங்க. இனிமே சண்டை போடாது” என்றார். அந்தப் பொடி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். அதனால்தான் முதல் ஆயிலை அத்தனை சீக்கிரம் கொட்டினார்கள். கொட்டியதும் வீணாகவில்லை. பெரியப்பா அதை டின்னில் பிடித்து வந்து ஆலையின் மாட்டு வண்டி அச்சுகளுக்கு விட்டார். கும்பகோணத்தில் அந்த வருஷம் மல்டிகிரேடு ஆயிலில் ஓடிய மாடுகள் எங்களுடையவைதான்.

இத்தனை பத்தியமாக வளர்த்த வண்டி, இரண்டாம் வருஷமே ஆயில் குடிக்க ஆரம்பித்தது. காலையில் கிளப்பினால் நீலப்புகை. துளசி மாடம் தெரியாது.

இதில் வேடிக்கை, ரயில் நிலையத்தின் எதிரே ஒரு டாக்ஸி. எங்கள் வண்டி வந்த அதே பருவத்தில் வந்தது, அதே மாடல். வந்த முதல் மாதமே ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு திருச்சிக்கும் வேளாங்கண்ணிக்கும் பறந்தது. அதன் பின்னால் அட்டையும் இல்லை, புகையும் இல்லை. டாக்ஸிக்காரர் ஆயிலில் ஏதோ கலக்கிறார் என்று பெரியப்பா கடைசிவரை நம்பினார்.

அவர் ஒன்றும் கலக்கவில்லை. சிலிண்டரின் உட்சுவரை, மேஸ்திரி ‘போர்’ என்றாரே அதை, கடைந்த பிறகு வழுவழுவென்று விட்டுவிடுவதில்லை. ஹோனிங் செய்து குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். அந்தக் கீறலில்தான் ஆயில் தங்கும். அதன் மேட்டில்தான் பிஸ்டன் ரிங் உரசி, இரண்டும் தேய்ந்து, ஒன்றுக்கொன்று கச்சிதமாக உட்காரும். ரிங் தன் சொந்த பலத்தில் மட்டும் சுவரை அழுத்துவதில்லை. உள்ளே எரிகிற வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ளுகிறது. ஓரளவு மிதித்தால்தான் அந்தத் தள்ளல். மிதிக்கவே மிதிக்காமல் தடவிக்கொடுத்தே ஓட்டினால் ரிங் உட்காராது. கீறல்களில் ஆயில் கருகிப் படிந்து சுவர் பளபளப்பாகிவிடும். பிறகு ஆயில் மேலே ஏறி எரியும், சுவரைத் திரும்பக் கடைந்து ரீபோர் செய்கிறவரைக்கும். திருச்சி சாலையில் ஏற்றியும் இறக்கியும் மிதித்த டாக்ஸிக்காரர் தெரியாமலே சரியாகச் செய்தார். புத்தகம் படித்தவர் கெடுத்தார். இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருக்க வேண்டும் என்பதுதான் பெரியப்பாவின் இறுதித் தீர்ப்பு.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், தையல் மிஷின் சத்தம். அதை வாங்கியவர்களுக்கு அட்டை ஒட்டப் பொறுமையில்லை; 40-ல் போகச் சொன்னால் அந்த வண்டிக்கே பொறுமையில்லை. பின் கண்ணாடி அட்டைகள் மெல்ல மறைந்தன. அந்த இடத்தில் குழந்தைகளின் பெயர்கள் வந்தன.

இப்போது என் மகன் கார் வாங்கியிருக்கிறான். ஷோரூமில் வண்டிக்குச் சிவப்பு சாட்டின் போர்த்தி வைத்திருந்தார்கள். ஆளுயர அட்டைச் சாவி, கேக், காகிதப் பூ வெடிக்கிற குழாய், போட்டோ. பெயர் பதிந்தது முதல் டெலிவரிவரை எல்லாம் போனிலேயே முடிந்துவிட்டதால், விழா எடுக்க அவர்களுக்கு நிறைய நேரம் இருந்தது. டெலிவரி கொடுத்த பையன் புளூடூத் இணைப்பதைச் சொல்லிக்கொடுத்தான். சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டினான். சென்னை, மே மாதம், நண்பகல். நான் மெதுவாக, “தம்பி, ரன்னிங் இன்?” என்றேன்.

“அங்கிள், அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஃபாக்டரியிலயே பண்ணி அனுப்பிடறாங்க.”

அவன் சொன்னது பாதி நிஜம். இன்றைய ஹோனிங் கீறலின் மேடுகளை ஃபாக்டரியிலேயே சீவிவிடுகிறது. முன்பு நாம் நவக்கிரகம் சுற்றித் தேய்த்ததில் பெரும்பகுதியை மிஷின் சில நிமிடத்தில் தேய்த்துவிடுகிறது. பல தொழிற்சாலைகளில் பெட்ரோலே இல்லாமல் மின்மோட்டார் வைத்து இன்ஜினைச் சுழற்றி, ஆயில் பிரஷரும் கம்ப்ரஷனும் சரியா என்று பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் கார் செய்கிற ஊர்களாகிவிட்ட பிறகு, பழக்குவதற்கு கார் நம்மிடம் வர வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது.

மீதிப் பாதி, வண்டியின் கையேட்டில் இருந்தது. இந்தக் கையேடு புத்தகமாக வரவில்லை. ஒரு சதுரக் கட்டத்தை போனில் படம் பிடித்தால் நானூறு சொச்சம் பக்கம் திறக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். முதல் 1,000 கிலோமீட்டருக்கு முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். நெடுநேரம் ஒரே வேகம் வேண்டாம். நின்ற இடத்தில் வெகுநேரம் இன்ஜினை ஓடவிட வேண்டாம். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிரேக்கை அடித்துப் பிடிக்க வேண்டாம். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். புது டயரின் வழுவழுப்பும் ஓடித்தான் போக வேண்டும். பெரியப்பாவின் புத்தகத்தில் இருந்தவைதான் பெரும்பாலும். இன்ஜின் அரை நூற்றாண்டு முன்னே போய்விட்டது, அறிவுரை அங்கேயே நிற்கிறது. படிக்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

படித்தாலும் என்ன செய்ய? மகனுக்கு வேலை ஓஎம்ஆரில். மெட்ரோ வேலைக்குச் சாலையின் நடுவை எடுத்துக்கொண்டு ஓரத்தை நமக்கு விட்டிருக்கிறார்கள். பெரியப்பா கட்டளையிட்டு வாங்கிய மெதுவேகம் அங்கே எல்லோருக்கும் இலவசம். செய்யக்கூடாது என்று கையேடு சொன்ன நின்று ஓடுதலும் திடீர்ப் பிரேக்கும் காலை ஒரு தவணை, மாலை ஒரு தவணை. சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வசதி இருக்கிறதே என்பான் மகன். இருக்கிறது, ஏசி கேட்டதும் அது தானாகக் கிளம்பியும் விடுகிறது.

மாறாமல் இருப்பது எலுமிச்சம்பழம். பாடிகாட் முனீஸ்வரன் கோயிலில் வரிசையில் நின்று, பூசணிக்காய் சுற்றி, நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்து ஏற்றினோம். ஆட்டோமேட்டிக் வண்டி, 360 டிகிரி கேமரா. பழம் நசுங்கியதைத் திரையில் மேலிருந்து பார்த்தோம்.

பக்கத்து ஃபிளாட்காரர் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். ரிங் இல்லை, போர் இல்லை, கொட்டுவதற்கு இன்ஜின் ஆயில் இல்லை. “பழக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல சார்” என்று சிரிக்கிறார். டயரும் பிரேக்கும் அவருக்கும் புதுசுதான். ஆனால் அவர் மாடியிலிருந்து ஒயர் இறக்கி சார்ஜ் போட அசோசியேஷனோடு நடத்தும் போராட்டத்தைப் பார்க்கும்போது, அதற்குமேல் அவருக்கு வேலை கொடுக்க மனம் வரவில்லை.

முதல் சர்வீஸுக்கு நானும் போனேன். தட்டில் விழும் ஆயிலைப் பார்க்க ஆசை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். வண்டியைக் கழுவினார்கள், ஏதோ ஒயரைச் செருகிக் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள், டயருக்குக் காற்று அடித்தார்கள். ஆயில் மாற்றவில்லை, அது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம். சிந்தெடிக் ஆயில், 0டபிள்யூ 20, தண்ணீராக ஓடும். வெளியே வரும்போது ஒரு பெண் மிகவும் தயவாக, போன் வந்தால் பத்துக்குப் பத்து மார்க் கொடுத்துவிடுங்கள் சார், ஒன்பது கொடுத்தாலும் எங்களுக்குப் பிரச்சினை என்றாள்.

சரி, ஒரு நாளாவது முறையாக ஓட்டுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை மகனைக் கிளப்பினேன். திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. செங்கல்பட்டு தாண்டியதும் அவன் குரூஸ் கண்ட்ரோலை 90-ல் வைத்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டான்.

“ஒரே வேகம் கூடாதுடா. கொஞ்சம் ஏத்து, கொஞ்சம் இறக்கு. நல்லா மிதி, அப்புறம் விடு.”

“என்னப்பா, தாத்தா மிதிக்கவே விடமாட்டார்னு சொல்வீங்க, நீங்க மிதிங்கறீங்க?”

மிதித்தான். செஞ்சி சாலையில் இன்ஜின் முதல் முறையாகத் தொண்டையைத் திறந்தது. எனக்குத் திருப்தி. அவன் முகம்தான் வாடிக்கொண்டே வந்தது. கிரிவலப் பாதையில் நிறுத்தியதும் போனைக் காட்டினான். வண்டியோடு வந்த செயலி, ஒவ்வொரு பயணத்துக்கும் ஓட்டியவருக்கு மார்க் போடுகிறது. தொண்ணூறுகளில் இருந்தவன் அறுபதுக்கு வந்திருந்தான். ‘வேகத்தை அடிக்கடி மாற்றுகிறீர்கள். மென்மையாக ஓட்டுங்கள்’ என்று அறிவுரை வேறு.

திங்கட்கிழமை ஆபீஸ் போய்வந்ததில் மார்க்கைச் சரிக்கட்டிவிட்டான். மத்திய கைலாஷ் சந்திப்பில் இன்ஜினை ஓடவிட்டபடி அரை மணி நேரம் நின்றதற்கு ஒரு மார்க்கும் குறையவில்லை.