கடல் பார்த்த மனை

பெறுநர்: இயக்குநர் அவர்கள், நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னை.

பொருள்: கீழப்பழுவூரில் புதுநகர் அமைக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

தஞ்சாவூர் சாலையும் சிதம்பரம் சாலையும் கூடும் எங்கள் ஊரில், இயற்கையோடு இயைந்து, கூடிப் பழகி, ஓடியாடி வாழ ஒரு நகர் போட உத்தேசம். ‘பழுவேட்டரையர் கார்டன்’ என்று ஆர்ச் எழுப்பியாயிற்று. கார்டன்தான் பாக்கி. அங்கேதான் உங்கள் 2019ஆம் ஆண்டு விதிகள் இடிக்கின்றன.

10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டுத் தானப்பத்திரம் எழுதித் தரவேண்டுமாம். அதற்குக் கீழே என்றால் இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைக் கட்டிவிடலாம். 3,000க்குள் அதுவும் வேண்டாம். 3,000 என்பது நம் கணக்கில் 74 சென்ட். எங்களிடம் இருப்பது நாலு ஏக்கர். மாமா, மச்சான், சகலை என்று ஆளுக்கு 74 சென்ட்டுக்குள் எழுதிவிடலாம் என்றிருக்கிறோம். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை. பிரித்து எழுதினால் இன்னும் கொஞ்சம் கூடுதல். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் சற்றுத் தளர்த்தவும்.

இயற்கைக்குக் குறைவில்லை. பக்கத்துக் கரைவெட்டி ஏரி 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறிவிட்டது. இமயமலை தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. நோட்டீசில் படம் போட்டுக்கொள்கிறோம், தீனிச் செலவு நமக்கில்லை. மனைகளெல்லாம் கடல் பார்த்த மனைகள். கடல் சில கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டது, உண்மைதான். ஆனால் அது இருந்ததற்கு அத்தாட்சி வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழ்கூட அவ்வளவு பின்னோக்கிப் போகாது.

உடற்பயிற்சிக்குத் தனி இடம் எதற்கு? சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்தால் போதும்.

கூடிப் பழகுவதில்தான் சின்னச் சிக்கல். 1997இல் தொடங்கிய சமத்துவபுரம் திட்டத்தில் நூறு வீடுகளைப் பல சாதியாருக்கும் கலந்து கொடுத்து, இடுகாட்டையும் பொதுவாக்கினார்கள். அதை இங்கே சொன்னால் மனை விற்காது. “பக்கத்து மனை யாரு வாங்கியிருக்காங்க?” என்று கேட்பவர் பெயரையா கேட்கிறார்?

பூங்கா கட்டாயம் என்றே நீங்கள் நின்றால், மூலையில் பழைய சுண்ணாம்புக்கல் குழி ஒன்று இருக்கிறது. அளந்தால் கச்சிதமாகப் பத்து சதவீதம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரும் நிற்கும். நீச்சல்குளம் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மனை போடுபவன்