சனிக்கிழமைத் துரை

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரிங்லெட் கடைத்தெருவில் நின்றால் அவரைத் தவறவிடவே முடியாது. தாப்பாவிலிருந்து ஏறி வந்த வளைவுகளில் பின்சீட்டுப் பிள்ளைகள் இரண்டு தடவை வாந்தி எடுத்திருப்பார்கள். லாத்தா இஸ்கந்தார் அருவியோரம் காடியைக் கழுவிய ஈரம் இன்னும் காய்ந்திருக்காது. இறங்குவார், சோம்பல் முறிப்பார், மலையைப் பார்த்து மூச்சை இழுத்து "ஃப்ரெஷ் ஏர்!" என்பார். ஒரு கையில் அம்மாவுக்கு வாங்கிய பேம்பர்ஸ் கட்டு, அளவு தப்பாக. மறு கையில் போன். போனில் ஏஜென்டு.

இவர்தான் சனிக்கிழமைத் துரை. ஒரே ஓர் ஆள் என்று நினைக்க வேண்டாம். கேமரன் மலையில் மூன்று வீட்டுக்கு ஒருவர் தேறுவார். தோட்ட லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, தானா ராத்தாவில் ஐந்தாம் படிவம் முடித்துக் கீழே இறங்கி, கோலாலம்பூரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் பதினெட்டாம் மாடியில் போய் உட்கார்ந்தவர். அம்மா கொழுந்து எடுத்துப் படிக்க வைத்தார் என்பதை எந்தக் கல்யாண மேடையிலும் மைக்கைப் பிடித்துச் சொல்லாமல் இறங்க மாட்டார். நல்ல மனிதர். மேற்கொண்டு அவரைப் பற்றி நல்லதாக அதிகம் சொல்ல வாய்ப்பில்லை என்பதால் இதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஈப்போவில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். தோட்டத்து வீடு வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்ற அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இப்போது இருப்பது இ.பி.எஃப். சேமநிதிக் காசில் ரிங்லெட்டில் வாங்கிய மேட்டு வீடு. சாலையிலிருந்து வாசலுக்கு முப்பது படி. வாங்கிய காலத்தில் அம்மா அதில் அரிசி மூட்டையோடு ஏறினார்.

பிள்ளைகள் நான்கு பேர். ஒருவர் மெல்பர்னில், ஒருவர் ஜொகூர் பாருவில், மூத்தவர் நம் துரை. கடைசித் தங்கை பக்கத்துத் தெருவில். பார்த்துக்கொள்வது தங்கை, ஏற்பாடு செய்வது துரை. ஏற்பாட்டுக்கென்றே 'அம்மா கேர்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் அம்மா கிடையாது. தங்கை இருக்கிறாள், ஆனால் தகவல்களைப் படிப்பதில்லை. குழுவில் விவாதம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அவள் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். மெல்பர்ன்காரர் அங்கே அரசாங்கம் முதியவர்களை எப்படித் தாங்குகிறது என்று காணொளி அனுப்புவார். ஜொகூர் பாரு அக்கா கைகூப்பிய படம் போடுவார். தீர்மானம் நிறைவேறியதாகத் துரை அறிவிப்பார்.

தீர்மானம் இதுதான்: வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். துரை ஏஜென்டிடம் தேவைகளைச் சொல்லத் தொடங்குவார். வயது முப்பத்தைந்துக்கு மேல், நாற்பத்தைந்துக்குள். தமிழ் தெரிய வேண்டும். அம்மாவைத் தனியாகத் தூக்கும் உடம்பு வேண்டும். ஆனால் நிறையச் சாப்பிடக்கூடாது. செவ்வாய், வெள்ளி சைவம். சர்க்கரை பார்க்க, இன்சுலின் போட, புண்ணுக்கு மருந்து கட்டத் தெரிய வேண்டும். வீடு கூட்டி, துணி துவைத்து, சனிக்கிழமை வரும் தம் குடும்பத்துக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். போன் பார்க்கக்கூடாது. ராத்திரி அம்மா கூப்பிட்டால் உடனே எழுந்திருக்க வேண்டும், ஆகவே ஆழ்ந்து தூங்குகிறவராக இருக்கக்கூடாது.

ஏஜென்டும் தமிழ்ப் பிள்ளைதான். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, நீங்க கேக்கறது நர்ஸா, பிபிக்கா, மருமகளா? ஒன்னு சொல்லுங்கண்ணே, ரேட்டு பார்க்கணும்."

இந்த விஷயத்தில் நான் கேட்டவற்றிலேயே உருப்படியான கேள்வி அதுதான். நர்ஸ் என்றால் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், ஆழமான புண் எல்லாம் அவர் கைக்குரியவை. பராமரிப்பாளர் என்பவர் குளிப்பாட்டுவார், புரட்டிப் படுக்க வைப்பார், கைத்தாங்கலாக நடக்கப் பழக்குவார், மருந்தை நேரத்துக்குக் கொடுப்பார். பிபிக் வீட்டு வேலைக்கு வந்தவர். மூன்றும் மூன்று படிப்பு, மூன்று சம்பளம். துரைக்கு மூன்று பேரும் ஒரே உடம்பில் வேண்டும், சம்பளம் மூன்றாமவருடையது. 2022 ஏப்ரலில் இந்தோனேசியாவோடு செய்த ஒப்பந்தத்தில் அங்கிருந்து வரும் வீட்டுப் பணியாளருக்கு மாதம் குறைந்தது 1,500 வெள்ளி என்று பேசி முடித்தார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருடைய காடித் தவணை அதைவிட அதிகம்.

இதற்குள் அரசாங்கக் கிளினிக்கிலிருந்து ஆள் வந்து போயாயிற்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் படுக்கை நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்த்து, குடும்பத்தாருக்கும் பழக்கிக் கொடுக்கும் சேவை சுகாதார அமைச்சில் உண்டு. தாதி வந்த அன்று தங்கை நின்று கற்றுக்கொண்டாள்: படுக்கைப் புண் வராமல் எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டுவது, நாற்காலிக்கு மாற்றும்போது எங்கே பிடிப்பது, எங்கே பிடிக்கக்கூடாது. துரையும் வந்திருந்தார். வாசலில் நின்று ஏஜென்டோடு பேசிக்கொண்டிருந்தார். சமூகநல இலாகாவில் படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கென்று ஓர் உதவித்தொகை இருப்பதாகத் தாதி சொன்னதைத் தங்கை குழுவில் போட்டாள். அதுவரை அவள் அதில் எழுதிய ஒரே தகவல் அது. "நான் செக் பண்றேன்" என்று துரை பதில் போட்டார். இன்னும் செக் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

முதலில் கிள்ளானிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பகலெல்லாம் சமாளித்தார். இரவில் குளிர் பதினைந்து பாகைக்கு இறங்கியதும் கதை மாறியது. இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் துரையின் பழைய பள்ளி ஜாக்கெட் போட்டுக்கொண்டும் நடுங்கினார். நாலாம் நாள் காலையில் அம்மாவே எழுந்து அவருக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுக்க முயன்றதைப் பார்த்த தங்கை, தாப்பா பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். அடுத்து வந்தவர் மருத்துவ வார்த்தைகள் நன்றாகப் பேசினார். துரைக்கு மிகவும் பிடித்துப்போனது. அம்மா அவருடைய கையைப் பிடித்து ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இது வேலை செஞ்ச கையில்ல" என்றார். வாரக் கடைசியில் தெரிந்தது: அவர் அம்மாவைத் தூக்குவதே இல்லை, தூக்கச் சொல்லித் தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக வந்தவர் லொம்போக் தீவுக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. துரை கவலைப்பட்டுக் கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றை ஏற்றிக் கொண்டுவந்தார். அம்மாவோ நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் இருந்தவர், பசார் மலாயில் வட்டிக் கணக்கே பேசுவார். செயலி திறப்பதற்குள் இருவரும் எந்த ஊர், எத்தனை பிள்ளை, மாமியார் எப்படி என்பது வரை முடித்திருந்தார்கள். இன்று மலையில் கொழுந்து வெட்டுவது வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தான். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் துரையைப் போலவே கீழே இறங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு லொம்போக்காரரோடு பேச விஷயம் நிறைய இருந்தது.

துரைக்கு இப்போது வேறு பயம். ஆள் ஓடிவிட்டால்? தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர்போன ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாப் பக்கம் உலாவப் போனார், இன்றுவரை திரும்பவில்லை. கோடீஸ்வரரையே இந்தக் காடு விழுங்கிவிட்டது, பிபிக் எம்மாத்திரம் என்பது துரையின் வாதம். ஆகவே லொம்போக்காரருடைய பாஸ்போர்ட்டை வாங்கித் தம் அலமாரியில் பூட்டப் பார்த்தார். பிறருடைய கடப்பிதழை வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்று ஏஜென்டு சொன்னபோது, "எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க" என்றார். ஜிம் தாம்சனுடைய பாஸ்போர்ட்டை யாராவது வாங்கி வைத்திருந்தால் மட்டும் அவர் கிடைத்திருப்பாரா என்று ஏஜென்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பாஸ்போர்ட் போனால் என்ன, கேமரா இருக்கிறதே. கூடத்தில் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று, அம்மாவின் கட்டிலுக்கு எதிரே ஒன்று. காலை ஆறு மணிக்கு, தோட்டத்தில் ஆள்கணக்கு எடுப்பதுபோல், வீடியோ அழைப்பில் பெரட்டு. அம்மா பசியாறினாரா, என்ன பசியாறினார், எத்தனை மணிக்கு வெளிக்குப் போனார், எல்லாம் செக்ரோல் பதிவேட்டில் ஏற வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் பதினெட்டாம் மாடியிலிருந்து கேமரா வழியாகத் துரையின் குரல் வரும்: "ஏன் உட்கார்ந்திருக்கா?" முதல் தடவை அந்தக் குரல் அலமாரிக்கு மேலிருந்து கேட்டபோது, தோட்டத்து முனியாண்டிதான் வந்துவிட்டார் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகன் என்று தெரிந்ததும் துண்டை எடுத்துக் கேமரா மேல் போடச் சொன்னார். துரை போனில் கத்தினார். அம்மா நிதானமாகச் சொன்னார்:

"டேய் தம்பி, எங்க கங்காணியாவது பின்னால வந்து நிப்பாரு, திரும்பினா தெரியும். உன்னையே நான் ஆயாக்கொட்டகையில விட்டுட்டுத்தான் விடியக்காலம் கொழுந்துக்குப் போனேன். அந்த ஆயாகிட்ட ஒரு கேள்வி கேட்டிருப்பேனா?"

துரை பதில் சொல்லவில்லை. லைன் சரியில்லை என்றார். மலையில் அது எப்போதும் செல்லுபடியாகும் சாக்கு.

கடைசிச் சண்டை ஞாயிற்றுக்கிழமை விடுமுறை பற்றி. லொம்போக்காரர் வாரம் ஒருநாள் கேட்டார். "வீட்டுக்குள்ளயே இருக்கறவங்களுக்கு என்னா லீவு?" என்றார் துரை. இங்கே அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா, 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் தீவிரமான ஆள். கூட்டத்தில் எழுந்து நின்று பேசியதற்காக தோட்டத்து அலுவலகக் கிராணி ஒருவரோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர். வாரம் ஒருநாள் ஓய்வு என்பதை உரிமையாக எழுதி வைத்த 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தைப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வார். அதே சட்டத்தின் அட்டவணை, வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்த ஓய்வு நாள் பகுதி பொருந்தாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. 2022-இல் திருத்தியபோது 'வீட்டு வேலைக்காரர்' என்ற பெயரை 'வீட்டுப் பணியாளர்' என்று மரியாதையாக மாற்றினார்கள். ஓய்வு நாளை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகச் சட்டம் துரையின் பக்கம்தான். அப்பா உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று தங்கை கேட்டாள். துரை போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு காலையில் குடும்பத்தோடு சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்குப் போய்விட்டார். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய 'போ' (BOH) தேயிலை நிறுவனத்தின் தோட்டம் அது. பச்சைச் சரிவைப் பார்த்தபடி தேநீர் குடிக்கும் மேடையில் நின்று பிள்ளைகளுக்குச் சொன்னார்: "பாட்டி இந்த மாதிரிச் சரிவுலதான் வேலை செஞ்சாங்க." படம் எடுத்து 'என் வேர்கள்' என்று போட்டார். இருநூறு பேருக்குப் பிடித்திருந்தது. வாரக்கடைசி நெரிசலில் பிரிஞ்சாங் வழியாக ஊர்ந்து ஸ்ட்ராபெர்ரியும் சோளமும் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தபோது மாலை நான்கு. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குள் மலை இறங்க வேண்டும், இருட்டினால் வளைவில் கஷ்டம்.

அன்று லொம்போக்காரர் வீட்டில் இல்லை. தங்கை அவரை லீவில் அனுப்பியிருந்தாள், துரையைக் கேட்காமலே. ஞாயிறுதோறும் இனி அப்படித்தான் என்றும், அந்த நாளைப் பார்த்துக்கொள்ள மூன்று அண்ணன் அக்காமார்கள் முறை வைத்து வர வேண்டும் அல்லது இன்னோர் ஆளுக்குச் சம்பளம் போட வேண்டும் என்றும் குழுவில் எழுதினாள். அவளுடைய இரண்டாவது தகவல். மெல்பர்ன்காரர் காசு அனுப்ப ஒத்துக்கொண்டார், அதைப் பாராட்ட வேண்டும். ஜொகூர் பாரு அக்கா கைகூப்பினார். துரை "நோட்டட்" என்று போட்டார்.

மலையேறி வரும் துரைமார்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை ஏஜென்டைக் கூப்பிடும் முன், போனை மேசையில் வைத்துவிட்டு, அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், கழுவி, உடை மாற்றி, திரும்பக் கொண்டுவந்து படுக்க வையுங்கள். வேறு யாரையும் கூப்பிடாமல் நீங்களே. எத்தனை ஆள் வேண்டும், என்ன தெரிந்த ஆள் வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். 1,500 வெள்ளி கட்டுமா கட்டாதா என்பதைப் பிறகு பேசுவோம்.