மருமவன் போட்ட டோர் பேடு

வாங்க மருமவனே! உத்தர்பாரா ஆலையில 2014-லயே அம்பாசிடர் காரு போடுறத நிறுத்திட்டான். நீங்க இப்பத்தான் அதோட கதவு உள்பக்கத்துக்குப் புது டோர் பேடு செய்ய உக்காந்திருக்கீக. நல்ல சுறுசுறுப்பு!

பழைய பேடு அட்டையத் தூக்கி எறிஞ்சாச்சாமே? அளவெடுக்க இருந்தது அது ஒண்ணுதான். அதையும் ஒழிச்சீகளா, கெட்டிக்காரரு. இனி காலண்டர் அட்டைய வச்சு வெட்டிப் பாருங்க. இடது கதவுக்கு வெட்டுனதத் திருப்பிப் போட்டா வலதுக்குச் சேரும்னு மனக்கணக்குப் போடுவீக. சேராது. எத்தனையோ பட்டறையில தட்டி நிமுத்துன கதவுய்யா அது. நாலு கதவையும் தனித்தனியா அளந்தாத்தான் கிளிப்பு அதது ஓட்டையில உக்காரும்.

ஃபோம் ஒரு இஞ்சு கனமாம்ல? சாஞ்சா சொகந்தான். கண்ணாடி ஏத்துற கைப்பிடிய மாட்டப் போறப்பத்தான் தெரியும், அதோட தண்டு ஃபோமுக்குள்ள முங்கிக் கெடக்குறது. பெறகு எறங்குன கண்ணாடி எறங்குனதுதான். ஆடிக்காத்துப் புழுதி மொத்தமும் உங்க மடியில.

ரெக்ஸின் செக்கச்செவேல்னு எடுத்திருக்கீக. ஊரு பாக்குறது அதத்தானே! பசைய ரெண்டு பக்கமும் தடவிட்டு, விரல் வச்சா ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் பொறுக்கணும். உங்களுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். ஈரத்தோடயே அமுக்குங்க, சித்திரை வெயிலு பட்டதும் அங்கங்க கொப்புளம் போடும்.

அதெல்லாம் போகட்டும், கதவுக்குள்ள எட்டிப் பாத்தீகளா? கண்ணாடியில வழியுற மழைத்தண்ணி கதவுக்குள்ளதான் எறங்கும். அது கோளாறு இல்ல, செஞ்சவன் தெரிஞ்சேதான் விட்டிருக்கான். அடியில சின்ன ஓட்டை வழியா வெளியேறிரும். உங்க கதவுல அந்த ஓட்டையில மண்ணு அடைச்சுத் துரு புடிச்சிருக்கு. ஒரு கம்பிய விட்டுக் குத்துங்க. தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவுல பிளாஸ்டிக் தாள் ஒட்டி, கீழ்நுனியக் கதவுக்குள்ள செருகுங்க. சொட்டுற தண்ணி உள்ளயே போயிரும். ஹார்ட்போர்டு பின்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் வார்னிஷ் அடிங்க.

ஆளு கண்ணுக்குத் தெரியாத வேலையாச்சே, நீங்க எங்க செய்யப்போறீக? ஐப்பசி அடைமழையில அட்டை ஊறி, நெளிஞ்சு, கிளிப்பையெல்லாம் புடுங்கிக்கிட்டு வரும். அப்பச் சொல்லியனுப்புங்க. வைய மாட்டேன், வேடிக்கை பாக்கத்தான் வருவேன். காப்பி மட்டும் போட்டு வைங்க.